நாளைக்கும் ஓடணுமே

நாற்பத்து மூன்று வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. வந்த ஆறு மாதத்துக்குள் அதை ஏமாற்றும் வித்தையையும் கற்றுக்கொண்டேன். ரத்தப் பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது சோற்றை நிறுத்திவிடுவேன். ராத்திரிக்குக் கொள்ளு ரசமும் ஒரு முட்டையும். காலையில் கோவை ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று வேகநடை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 110க்குப் பக்கத்தில் அழகாக வந்து நிற்கும். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் டாக்டர் மேஜைமேல் பெருமையாக வைப்பேன்.

மூன்றாவது தடவை அவர் சிரித்துவிட்டார். "இது பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிச்சு வாங்கின மார்க்குங்க. மூணு மாச சர்க்கரை பாத்துட்டு வாங்க, பேசலாம்" என்றார்.

பார்த்தேன். 8.2. ஏழுக்குக் கீழே இருக்க வேண்டியது.

மூணு மாச சர்க்கரை என்று நாம் சொல்கிற ஹெச்பிஏ1சி பரிசோதனையின் சூட்சுமம் எளிது. ரத்தத்தில் சுற்றுகிற குளுக்கோஸ், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினது ஒட்டினதுதான், அந்த அணு சாகிற வரைக்கும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே இன்றைக்கு எடுக்கிற ஒரு சொட்டு ரத்தத்தில் கடந்த இரண்டு மூன்று மாதத்து வரவு செலவு முழுக்க எழுதியிருக்கும். நான்கு நாள் கொள்ளு ரசம் அதில் ஒரு வரியைக்கூட அழிக்காது.

சர்க்கரை நோயைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எழுத வந்தது வேறு. நான்கு நாளில் செய்து முடிக்க முடியாத காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றுக்குத் தயாராவது எப்படி என்பதில் நான் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை கொஞ்சம் புரிந்துகொண்டேன். புரியவைத்தவர் நியூசிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர். அவர் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் கூத்து.

அந்த 8.2 கொடுத்த பயத்தில் ஒரு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 21.1 கிலோமீட்டர். பதினான்கு வாரம் இருந்தது. முதல் நாளே மூச்சு வாங்க நான்கு கிலோமீட்டர். மறுநாள் முந்தின நாளை விட பத்து விநாடியாவது குறைய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம். நுரை தள்ளினால்தான் அன்றைக்கு ஓடிய கணக்கு. வியர்வையோடு ஒரு செல்ஃபி எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டால் பத்து கைதட்டல் வரும்.

அந்த நாட்களில் ரேஸ்கோர்ஸில் தினமும் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். அறுபத்தைந்து தாண்டியிருக்கும். பனியன், முழங்கால் வரை டவுசர், பழைய கேன்வாஸ் ஷூ. பக்கத்தில் ஓடுகிறவரோடு கொப்பரை விலையைப் பேசிக்கொண்டே, நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு தினுசாகப் போய்க்கொண்டிருப்பார். நான் புஸ்ஸு புஸ்ஸென்று அவரைத் தாண்டிப் போவேன். ஒருநாள் நான் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, பின்னால நாய் ஏதாச்சும் தொரத்துச்சுங்களா?"

"இல்லீங்கய்யா, பிராக்டீஸுங்க."

"அப்படீங்களா. நாளைக்கும் வருவீங்களா?"

"வருவனுங்க" என்று சொன்னேன். போகவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி ஒரு வலி, படி இறங்கினால் உயிர் போயிற்று. அது ஐந்தாவது வாரம். அந்த வருடத்து ஓட்டம் அத்தோடு முடிந்தது. அடுத்த வருடமும் அதே கதைதான், வலித்த இடம் மட்டும் முழங்காலுக்கு மாறியது. அந்த இரண்டாவது தோல்விக்குப் பிறகு சோபாவில் ஐஸ்கட்டி வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஆர்தர் லிடியார்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

லிடியார்ட் 1917இல் ஆக்லாந்தில் பிறந்தவர். ரக்பி ஆடுவார், தன் உடம்பு கெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயதை ஒட்டி, தன்னை விட மூத்த ஒரு ஓட்டக்காரரோடு ஐந்து மைல் ஓடிப் பார்த்தார். நாக்குத் தள்ளிவிட்டது. இப்போதே இப்படியென்றால் நாற்பத்தேழில் என்ன ஆவோம் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. (எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். பதக்க ஆசையில் தொடங்கியவர் இல்லை, பயந்து போய்த் தொடங்கியவர்.)

அவருக்கு விளையாட்டு விஞ்ஞானம் எதுவும் தெரியாது. பகலில் தொழிற்சாலை, அதுபோக விடியுமுன் பால் போடுகிற வேலை. தன் உடம்பையே சோதனைக் கூடமாக வைத்துக்கொண்டு பத்து வருடம் போல ஓடிப் பார்த்தார். ஒரு வாரத்தில் மிகக் குறைவாக, இன்னொரு வாரத்தில் அளவுக்கு மீறி, வேகமாக, மெதுவாக என்று எல்லா விதமாகவும். வாரம் 250 மைல் வரைகூடப் போய்ப் பார்த்திருக்கிறார். கடைசியில் அவர் வந்து நின்றது வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், மூச்சு முட்டாத வேகத்தில். இந்தக் கூத்துக்கு நடுவில் நியூசிலாந்தின் மாரத்தான் சாம்பியனாகவும் ஆனார்.

அந்தக் காலத்தில் உலகம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. குறுந்தூரத்தை வேகமாக ஓடு, கொஞ்சம் இளைப்பாறு, திரும்ப ஓடு என்கிற இன்டர்வெல் பயிற்சிதான் ராஜா. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடியே 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியிருந்தார். 1954இல் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பானிஸ்டரும் இந்த வழிக்காரர்தான். இப்படி இருக்கும்போது 800 மீட்டர் ஓடுகிற ஒரு பையனை ஞாயிற்றுக்கிழமை தோறும் 22 மைல், சுமார் 35 கிலோமீட்டர், மலைப்பாதையில் ஓடச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? பைத்தியம் என்றுதான்.

லிடியார்டின் கணக்கு வேறு. 400 மீட்டரை வேகமாக ஓடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேகம் யாருக்கும் குறைவாக இல்லை, அந்த வேகத்தைக் கடைசி வரைக்கும் பிடித்துக்கொள்ளும் தெம்புதான் குறைவு. அந்தத் தெம்பு நாலு வாரத்தில் வராது, மாதக் கணக்கில், வருடக் கணக்கில் ஊற வேண்டும்.

அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பையன்கள். தேசம் முழுக்கச் சலித்து எடுத்த வீரர்கள் கிடையாது. பகலில் வேலைக்குப் போவார்கள், அது போக ஓடுவார்கள். ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாக்கரே மலைத்தொடரில், வையடருவா என்ற ஊர் வழியாகப் போகும் அந்த 22 மைல் பாதை இன்றும் ஓட்டக்காரர்களுக்குக் கோவில் மாதிரி. கும்பலாக ஓடுவார்கள், ஓடிக்கொண்டே பேசுவார்கள். வீட்டுக்கு வரும்போது சுகமான அசதி இருக்க வேண்டும், சுருண்டு விழக்கூடாது என்பது லிடியார்டின் அளவுகோல். உடம்பைப் பழக்கு, வதைக்காதே என்ற பொருளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது பின்னால் பெரிய கோஷமாகவே ஆனது.

1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். அந்தப் பையன்களில் ஒருவர் பீட்டர் ஸ்நெல், வயது 21. வெளியுலகத்துக்கு அதிகம் தெரியாத பெயர். 800 மீட்டர் இறுதிப் போட்டி. அதற்கு முன்னால் மூன்று சுற்றுகள் இருந்தன, அதாவது மூன்று நாளில் நான்கு ஓட்டம். உலக சாதனை பெல்ஜியத்தின் ரோஜர் மோயன்ஸ் வசம். வெறும் 400 மீட்டர் வைத்தால் ஸ்நெலைத் தோற்கடிக்கக் கூடியவர்கள் அந்த வரிசையிலேயே இருந்தார்கள். ஆனால் நான்காவது ஓட்டத்தின் கடைசி நேர்கோட்டில், மற்றவர்களுக்குக் கால் கனத்த இடத்தில், அவருக்குக் கனக்கவில்லை. முன்னால் போன மோயன்ஸை உள்பக்கமாக வந்து தாண்டினார். 1 நிமிடம் 46.3 விநாடி. தங்கம்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதே மைதானத்தில் 5,000 மீட்டர். மர்ரே ஹால்பெர்க், அதே கும்பல். ரக்பி விபத்தில் இடது கை செயலிழந்தவர். மூன்று சுற்று பாக்கி இருக்கும்போதே எல்லோரையும் விட்டுவிட்டுப் பிய்த்துக்கொண்டு போனார். துரத்துகிறவர்கள் நெருங்க நெருங்க, எல்லைக் கோட்டைத் தொட்டு அப்படியே புல்லில் விழுந்தார். அவருக்கும் தங்கம். சில நாள் கழித்து, அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி வென்ற அந்தப் புகழ்பெற்ற மாரத்தானில் மூன்றாவதாக வந்தவர் பாரி மாகீ. அவரும் லிடியார்டின் ஆள். 1962இல் ஸ்நெல் மைல், 800 மீட்டர் இரண்டிலும் உலக சாதனையை ஒரு வார இடைவெளியில், புல் தரையில் முறியடித்தார். அதற்குச் சில வாரம் முன்னால்தான் ஒரு முழு மாரத்தான் ஓடியிருந்தார்.

இது சாம்பியன்கள் கதை, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் லிடியார்ட் செய்த அடுத்த காரியம் பதக்கத்தை விடப் பெரியது. 1960களின் தொடக்கத்தில், வயிறு முன்னால் வந்த நடுவயதுக்காரர்கள், மாரடைப்பு கண்டவர்கள் இவர்களைக் கூட்டி அதே முறையில் ஓடவைத்தார். பேசிக்கொண்டே ஓடுங்கள், பேச முடியவில்லையென்றால் வேகம் அதிகம், அவ்வளவுதான் விதி. 1962இல் ஆக்லாந்தில் இதற்கென்றே ஒரு ஜாகிங் கிளப் தொடங்கியது. அந்த ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து பில் பௌவர்மன் என்ற பயிற்சியாளர் பார்க்க வந்தார், பின்னாளில் நைக்கியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். ஓட்டக்காரர்களை உருவாக்குகிற அவரை, எழுபது தாண்டிய, இதயநோய் கண்ட ஒரு பெரியவர் மேட்டில் பின்னால் விட்டுவிட்டுப் போனார். பௌவர்மன் ஊருக்குத் திரும்பி ஜாகிங் பற்றிப் புத்தகமே எழுதினார். இன்றைக்கு மெரினாவிலும் ரேஸ்கோர்ஸிலும் நாம் பார்க்கிற காலை ஓட்டத்துக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு.

இது ஏன் வேலை செய்கிறது? லிடியார்ட் அனுபவத்தில் கண்டதற்கு விஞ்ஞானம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. 1967இல் ஜான் ஹாலோஸி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளை வாரக் கணக்கில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டார். பிறகு அவற்றின் கால் தசையைப் பார்த்தால், ஆக்ஸிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. உயிரணுவுக்குள் அடுப்புகள் கூடியிருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக்குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. ஒரு துடிப்பில் இதயம் தள்ளுகிற ரத்தம் கூடுகிறது. இவை எல்லாம் உடம்பு செய்கிற கட்டுமான வேலை. கொத்தனார் எவ்வளவு வேகமாகப் பூசினாலும் சிமெண்ட் தன் நேரத்தில்தான் இறுகும், இல்லையா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு, என் காலை உடைத்தது அதுதான். உடம்பின் எல்லா பாகமும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரத்திலேயே தேறிவிடும். தசை அதற்கு அடுத்து. எலும்பும் தசைநாண்களும் மாதக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஐந்தாவது வாரத்தில் நுரையீரல் "இன்னும் வேகமாப் போலாம்" என்கிறது. கால் எலும்பு "நான் இன்னும் ரெடி ஆகலைப்பா" என்கிறது. நான் நுரையீரல் பேச்சை மட்டும் கேட்டேன்.

ஆகவே, எவ்வளவு ஓடலாம், எவ்வளவு வேகத்தில் என்று தெரிந்துகொள்ள ஒரு மீட்டர் வேண்டும். லிடியார்ட் காலத்தில் கையில் கடிகாரம் தவிர வேறு கருவி இல்லை. அவர் நம்பிய மீட்டர், ஓடும்போது பேச முடிகிறதா, முடித்த பின் நாளைக்கும் ஓடத் தோன்றுகிறதா என்பது. நான் சந்தோஷம் என்பதை உழைப்புக்குப் பின்னால் கிடைக்கிற இனாம் என்று நினைத்திருந்தேன். இங்கே அது பெட்ரோல் முள் மாதிரி வேலை செய்கிறது. ஓட்டம் கசக்க ஆரம்பித்தால் அளவு தப்புகிறது என்று அர்த்தம். நம்மூரில் "உயிரைக் கொடுத்துப் படிக்கிறான்" என்பது பாராட்டு. உயிரைக் கொடுத்த பிறகு மறுநாள் யார் படிப்பது என்று யாரும் கேட்பதில்லை.

சில மறுப்புகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, லிடியார்டின் வழி சோம்பேறி வழி கிடையாது. அவருடைய ஆட்களுக்குச் "சுகமான வேகம்" என்பது கிலோமீட்டருக்கு நான்கு நிமிடத்தை ஒட்டியது. எனக்கு அது நாய் துரத்தினாலும் வராத வேகம். மெதுவாக ஓடினால் போதும் என்று பின்னால் சிலர் அவர் தலையில் கட்டியதை அவரே ஒப்புக்கொண்டதில்லை. இன்னொன்று, கடுமையான பயிற்சியும் அவர் திட்டத்தில் உண்டு. போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். கடைசி வாரங்கள் ஓய்வும் மெருகும், அதற்கு முன் நான்கு வாரம் போல மைதானத்தில் வேக ஓட்டம், அதற்கும் முன் சில வாரம் மேடு ஏறுதல், அதற்கு முன்னால் கிடைக்கிற காலம் முழுக்க அந்த நீண்ட சுக ஓட்டம். வேகப் பயிற்சியின் பலன் சில வாரத்தில் வந்து சில வாரத்தில் போய்விடும், அதனால் அது கடைசியில். அடித்தளம் மெல்ல வந்து மெல்லத்தான் போகும், அதனால் அது முதலில், அதிகமாக.

ஜாடோபெக் வதைத்துக்கொண்டே ஜெயித்தாரே என்றால், ஜெயித்தார்தான். அவர் மாதிரி ஓடப் பார்த்துக் கால் போனவர்களின் பட்டியல் நம்மிடம் இல்லை. அதே போல் லிடியார்டின் கும்பலிலும் எல்லோரும் ஸ்நெல் ஆகிவிடவில்லை. ஆனால் 1960களின் கடைசியில் அவர் ஃபின்லாந்துக்குப் போய்ப் பயிற்சி முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். 1972 மியூனிக்கில் அந்த நாட்டின் லாஸ்ஸெ விரென் 5,000, 10,000 இரண்டும் ஜெயித்தார், 10,000இல் நடுவில் தடுக்கி விழுந்தும். ஒரு தெருவின் அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

என் மூன்றாவது முயற்சிக்கு இருபத்திரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். முதல் ஆறு வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. என் மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன், அவன் வாய் மூடாத ஆள். அவன் பேச்சுக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தால் வேகம் சரி, "ம்" மட்டும் வந்தால் வேகம் அதிகம். ஓடின தூரத்தைக் காலண்டரில் எழுதவில்லை, ஓடின நாளுக்கு ஒரு கோடு மட்டும் போட்டேன். மழை, ஜுரம், ஒரு கல்யாணம் என்று பதினோரு நாள் விட்டுப்போயிற்று. பிடிக்காமல் போன காலைகளும் இருந்தன. ஆனால் முதல் பத்து நிமிடத்துக்கு அப்புறமும் பிடிக்காமல் போன நாள் அதிகம் இல்லை. நான்காவது மாதம் சும்மா ஒருநாள் கடிகாரம் கட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் ஆன அதே பேச்சு வேகம் ஏழரைக்கு வந்திருந்தது. நான் எதையும் முடுக்கவில்லை.

அரை மாரத்தானை 2 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். பெரிய நேரம் ஒன்றும் இல்லை. பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு இளவட்டம் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். நாயைப் பற்றிக் கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மூணு மாச சர்க்கரை 6.6. மாத்திரையும் சாப்பிடுகிறேன், ஆகவே ஓட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தடவை கொள்ளு ரசம் வைக்காமல் போய்க் கொடுத்த ரத்தம், அதுவே எனக்குப் போதும்.

என் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். ஜூன் மாதம் அவளுக்கு ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்திருந்தேன். காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும், ஞாயிறும் விடுமுறை இல்லை, ஒவ்வொரு வாரமும் போன வாரத்தை விட ஒரு மணி நேரம் கூட. அரை மாரத்தான் முடிந்த வாரம், நான் மச்சானோடு ஓடிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தபோது, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, நீங்க மட்டும் பேசிட்டே ஓடறீங்க. எனக்கு மட்டும் ஏம்ப்பா இப்படி?"

என்னிடம் பதில் இல்லை. என் முதல் வருடத்துச் சட்டத்தை அப்படியே அவள் தலையில் எழுதியிருந்தேன், முந்தின நாளை விடப் பத்து விநாடி. நான் உடைத்தது என் கால்.

அந்த டைம்டேபிளைக் கிழித்துவிட்டோம். புதியது அவளே போட்டது, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கெமிஸ்ட்ரிக்குத் தினமும் நாற்பது நிமிடம், தோழியோடு போனில் பேசிக்கொண்டே. ஞாயிறு மத்தியானம் வெறும் கட்டம். கடைசி ஐந்து வாரத்துக்கு மட்டும் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதுவது, அது என் யோசனை. தண்ணீர் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இது போதுமா என்று எனக்குள் யாரோ கேட்கிறார்கள். பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது வாரம் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.